தேவதைக் கதையிலிருந்து இளையோர் நாவல்: படிப்படியாக எழுதும் முறை

ஜெர்மனியின் கிரிம் சகோதரர்களோ பிரான்சின் ஷார்ல் பெரோவோ எழுதிவைத்த பழைய கதை ஒன்றை எடுத்து, பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகள் விரும்பிப் படிக்கும் நாவலாக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சிறுகதையோ நாவலோ கொஞ்சம் எழுதிப் பழகியவர் என்றால் நேராக வேலையில் இறங்கலாம். இப்போதுதான் தொடங்குகிறீர்கள் என்றாலும் பரவாயில்லை. கதை கையில் தயாராக இருப்பதால் புதிதாக எழுதுபவர்களுக்கு மறுபுனைவு நல்ல பயிற்சிக்களம்.

மறுபுனைவு என்றதும் பலரும் முதலில் செய்வது இடத்தை மாற்றுவது. அரண்மனை கல்லூரி ஆகும், ரதம் ஸ்கூட்டர் ஆகும், இளவரசன் பணக்கார வீட்டுப் பையன் ஆவான். அப்படி எழுதியது பத்துப் பக்கம் தாண்டுவதற்குள் சோர்ந்துவிடும். உடுப்பு மாறியிருக்கும், ஆனால் எழுதியவருக்கு அந்தக் கதையிடம் கேட்க எதுவும் இருந்திருக்காது. நல்ல மறுபுனைவு எல்லாமே பழைய கதை பதில் சொல்லாமல் விட்ட ஒரு கேள்வியில்தான் நிற்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

புதுமைப்பித்தனின் ‘சாப விமோசனம்’ நமக்குப் பக்கத்திலேயே இருக்கும் சான்று. இராமனின் பாதம் பட்டு எழுந்த அகலிகை, பிறகு அதே இராமன் சீதையைத் தீக்குளிக்கச் சொன்னான் என்று கேள்விப்பட்டால் என்ன ஆவாள்? அந்த ஒரு கேள்விதான் கதை முழுவதும். ஆங்கிலத்தில் கெய்ல் கார்சன் லெவின் 1997-இல் எழுதிய ‘எல்லா என்சாண்டட்’ சிண்ட்ரெல்லாவிடம் கேட்டது இன்னும் எளிமையானது: இந்தப் பெண் ஏன் சொன்னதையெல்லாம் செய்கிறாள்? அவள் மீது கீழ்ப்படிதல் சாபம் இருக்கிறது என்று பதில் வைத்தார். அதன் பிறகு சித்தியின் ஒவ்வொரு ஏவலும் ஆபத்தாகிவிட்டது. முடிவில் விடுதலையும் அவள் வாயிலிருந்து வரும் ஒரு மறுப்பாகவே வந்தது.

சரி, வேலைக்கு வருவோம். ஒவ்வொரு படியையும் ஒரே கதையை வைத்து விளக்குகிறேன். கிரிம் தொகுப்பில் 89-ஆவது கதை, ‘வாத்து மேய்க்கும் பெண்’. 1815-இல் இரண்டாம் பாகத்தில் வெளிவந்தது.

முதல் படி: கதையைத் தேர்ந்தெடுத்தல்

பிடித்த கதையை எடுக்காதீர்கள், உறுத்துகிற கதையை எடுங்கள். படித்து முடித்த பிறகும் ஏதோ ஓர் இடம் மனதில் இடறிக்கொண்டே இருந்தால், அந்தக் கதையில் உங்களுக்கு வேலை இருக்கிறது.

சிண்ட்ரெல்லா, ஸ்நோ வைட், தூங்கும் அழகி ஆகியவற்றில் ஒரு வசதி உண்டு. வாசகருக்குக் கதை முன்பே தெரியும் என்பதால், நீங்கள் விலகும் இடமெல்லாம் அவருக்கு உடனே புரியும். ஆனால் அங்கே கூட்டம் அதிகம். தெரியாத கதையை எடுத்தால் களம் உங்களுடையது. விலகலை வாசகர் கண்டுகொள்ள வேண்டுமானால் மட்டும், மூலக்கதையை நாவலுக்குள்ளேயே எங்காவது சொல்லிவிட வேண்டும். பாட்டி சொல்லும் கதையாகவோ தெருப்பாடகன் பாட்டாகவோ அது வரலாம்.

நான் எடுத்துக்கொண்ட கதை இது. கணவனை இழந்த ஒரு ராணி, தூரதேசத்து இளவரசனுக்கு நிச்சயித்த தன் மகளை வழியனுப்புகிறாள். துணைக்கு ஒரே ஒரு பணிப்பெண். ஏறிப்போக ஃபலாடா என்ற பேசும் குதிரை. தன் விரலைக் கீறி மூன்று சொட்டு ரத்தத்தை வெள்ளைத் துணியில் விட்டு, பத்திரமாக வைத்துக்கொள் என்று மகளிடம் கொடுக்கிறாள். வழியில் தாகம் எடுக்கிறது. தங்கக் குவளையில் தண்ணீர் கொண்டுவரச் சொல்கிறாள் இளவரசி. வேண்டுமானால் நீயே இறங்கிக் குடி, உனக்கு ஊழியம் செய்ய எனக்கு விருப்பமில்லை என்கிறாள் பணிப்பெண். இளவரசி இறங்கி ஓடையில் குனிந்து குடிக்கிறாள். உன் தாய் அறிந்தால் நெஞ்சு வெடிக்குமே என்கின்றன அந்த ரத்தச் சொட்டுகள். இரண்டாவது முறை அப்படிக் குனியும்போது ரத்தத் துணி நழுவித் தண்ணீரோடு போய்விடுகிறது. அதோடு பணிப்பெண்ணின் கை ஓங்குகிறது. உடையையும் குதிரையையும் மாற்றிக்கொள்கிறாள். இதை அரண்மனையில் ஒருவரிடமும் சொல்லமாட்டேன் என்று வானத்தின் கீழ் சத்தியம் வாங்குகிறாள்.

அரண்மனையில் இளவரசன் பணிப்பெண்ணையே மணமகள் என்று வரவேற்கிறான். உண்மையான இளவரசி, கான்ராட் என்ற பையனோடு வாத்து மேய்க்கப் போகிறாள். குதிரை வாய் திறந்துவிடுமோ என்று பயந்து அதன் தலையை வெட்டச் சொல்கிறாள் போலி மணமகள். இளவரசி அந்தத் தலையை ஊர்வாசலின் இருண்ட வளைவுக்கடியில் அறையச் சொல்லி வைக்கிறாள். தினமும் காலையில் வாத்துகளை ஓட்டிக்கொண்டு போகும்போது அதனோடு பேசுகிறாள். புல்வெளியில் அவள் தலைமுடியை அவிழ்த்தால் கான்ராட் அதில் நாலு முடியைப் பிடுங்கப் பார்க்கிறான். அவள் காற்றைக் கூப்பிட்டு அவன் தொப்பியைப் பறக்கவிடுகிறாள். அவன் போய்க் கிழட்டு ராஜாவிடம் புகார் சொல்ல, ராஜா ஒளிந்திருந்து பார்க்கிறார். சத்தியம் செய்திருப்பதால் சொல்லமாட்டேன் என்கிறாள் பெண். அப்படியானால் இந்த இரும்பு அடுப்பிடம் சொல்லி அழு என்று விட்டுவிட்டு, அதன் குழாய் வழியாக எல்லாவற்றையும் ஒட்டுக்கேட்கிறார். விருந்தில் போலி மணமகளிடம், இப்படி ஏமாற்றியவளுக்கு என்ன தண்டனை தரலாம் என்று கேட்கிறார். ஆடையை உரித்து, உள்ளே ஆணி அடித்த பீப்பாயில் போட்டு, இரண்டு வெள்ளைக் குதிரைகளைக் கட்டிச் சாகும்வரை தெருத்தெருவாக இழுக்க வேண்டும் என்கிறாள் அவள். தன் தண்டனையைத் தானே சொல்லிவிட்டாள்.

இந்தக் கதையில் பெயர் உள்ளவர்கள் இரண்டே பேர்: குதிரையும் கான்ராடும். இரண்டு பெண்களுக்கும் பெயர் இல்லை. என்னை முதலில் இடறவைத்தது இதுதான்.

இரண்டாம் படி: வேறு வடிவங்களைத் தேடிப் படித்தல்

படத்தில் பார்த்த கதையை மட்டும் நினைவில் வைத்து எழுத உட்காராதீர்கள். கிரிம் சகோதரர்களே 1812 முதல் 1857 வரை தங்கள் தொகுப்பை ஏழு பதிப்புகளாக மாற்றி மாற்றி வெளியிட்டார்கள். 1812-இல் ஸ்நோ வைட்டைக் கொல்லச் சொல்வது அவளைப் பெற்ற தாய். 1819-இல்தான் அது மாற்றாந்தாய் ஆனது. முதல் பதிப்பின் ரபுன்செல், என் உடுப்பு ஏன் இறுக்கிக்கொண்டே போகிறது என்று கிழவியிடம் கேட்டு மாட்டிக்கொள்கிறாள். கர்ப்பம் என்று வாசகருக்குப் புரிந்துவிடும். பிந்தைய பதிப்புகளில் அந்த இடம் துடைக்கப்பட்டு, இளவரசனைவிட நீ கனமாக இருக்கிறாயே என்று கிழவியிடமே உளறுவதாக மாறியது.

இப்படி ஒவ்வொரு கதைக்குப் பின்னும் பெரிய குடும்பம் இருக்கிறது. சிண்ட்ரெல்லா வகைக் கதைகளில் 345 வடிவங்களை மரியன் ரோல்ஃப் காக்ஸ் 1893-லேயே தொகுத்துவிட்டார். ஒன்பதாம் நூற்றாண்டுச் சீனத்தின் யே ஷியான் மீன் எலும்பிடம் வேண்டித் தங்கச் செருப்பைப் பெறுகிறாள். இத்தாலியின் பாசிலே பதினேழாம் நூற்றாண்டில் எழுதிய வடிவத்தில், அந்தப் பெண்ணே தன் முதல் மாற்றாந்தாயின் கழுத்தில் பெட்டி மூடியைச் சாத்திக் கொல்கிறாள். கண்ணாடிச் செருப்பும் பூசணிக்காயும் 1697-இல் பெரோவிடமிருந்து வந்தவை. கிரிம் வடிவத்தில் தேவதை அம்மா கிடையாது, தாயின் கல்லறையில் முளைத்த மரம்தான்.

சிவப்புத் தொப்பிப் பெண்ணின் கதை இன்னும் நல்ல பாடம். பெரோவிடம் ஓநாய் அவளைத் தின்றுவிடுகிறது, அவ்வளவுதான். கிரிமில் வேட்டைக்காரன் வந்து காப்பாற்றுகிறான். ஆனால் பிரான்சின் நிவெர்னே பகுதியில் 1885 வாக்கில் பதிவான வாய்மொழி வடிவத்தில், வெளிக்குப் போக வேண்டும் என்று சொல்லி அந்தப் பெண் வெளியே வருகிறாள். காலில் கட்டிய கயிற்றை ஒரு மரத்தில் கட்டிவிட்டு ஓடிவிடுகிறாள். யாரும் காப்பாற்ற வரவில்லை. தன் சாமர்த்தியத்தால் தப்பும் பெண்ணை இன்றைய எழுத்தாளர்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்றில்லை. அவள் பழைய வடிவத்திலேயே இருக்கிறாள்.

எங்கே தேடுவது? மார்கரெட் ஹன்ட் 1884-இல் செய்த கிரிம் ஆங்கில மொழிபெயர்ப்பு குட்டன்பர்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. கிரிம்மின் முதல் பதிப்பை ஜாக் சைப்ஸ் 2014-இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். நாட்டார் கதை ஆய்வாளர்கள் கதைகளை வகைப்படுத்தி ஆர்னே, தாம்சன், ஊதர் ஆகிய மூவரின் பெயரால் எண் கொடுத்திருக்கிறார்கள். வாத்து மேய்க்கும் பெண் 533, சிண்ட்ரெல்லா 510ஏ. அந்த எண்ணை வைத்துத் தேடினால் அண்டை நாடுகளின் வடிவங்களும் வந்துவிடும்.

படிக்கும்போது ஒரு நோட்டில் இரண்டு விஷயங்களை மட்டும் குறியுங்கள்: எல்லா வடிவங்களிலும் மாறாமல் வருவது எது, ஒரே ஒரு வடிவத்தில் மட்டும் வந்து உங்களைத் திடுக்கிட வைத்தது எது. முதலாவது அடுத்த படிக்கு உதவும். இரண்டாவது நாவலின் நடுப்பகுதியில் எங்காவது கைகொடுக்கும்.

மூன்றாம் படி: முடிச்சுகளைப் பிரித்தல்

எதை எடுத்துவிட்டால் இது வேறு கதை ஆகிவிடுமோ அதுதான் முடிச்சு. வாத்து மேய்க்கும் பெண்ணில் நான் எழுதிக்கொண்ட முடிச்சுகள்: இடம் மாறிய இரண்டு பெண்கள், வாயைக் கட்டிய சத்தியம், வாசலில் தொங்கும் குதிரைத் தலை, அடுப்பிடம் சொன்ன உண்மை, தானே சொல்லிக்கொண்ட தண்டனை. ராணியும் ரத்தத் துணியும் முக்கியம்தான், ஆனால் அவை இல்லாமலும் கதை அடையாளம் தெரியும்.

முடிச்சு இருக்க வேண்டும், அது செய்யப்பட்ட பொருள் மாறலாம். மரிஸ்ஸா மேயரின் 2012 நாவலில் சிண்ட்ரெல்லா பாதி இயந்திரமான மெக்கானிக் பெண். விருந்துப் படிகளில் அவள் விட்டுச் செல்வது தன் காலையே, அதாவது பொருந்தாத சிறிய இயந்திரக் காலை. செருப்பு என்ற முடிச்சு அப்படியே இருக்கிறது, வலி மட்டும் கூடிவிட்டது. உங்கள் மாற்றமும் மூலத்தைவிட ஏதோ ஒன்றைக் கூட்ட வேண்டும். வெறும் புதுமைக்காக மாற்றியது என்றால் பழையதையே வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: கேள்வியைக் கண்டுபிடித்தல்

இதற்கு எவ்வளவு நாள் ஆனாலும் ஆகட்டும். இங்கே அவசரப்பட்டு எழுதத் தொடங்கியவர்கள் நூறு பக்கம் போய்த் திரும்பி வருவார்கள்.

முதலில் மூலக்கதையை வரி வரியாகப் படித்து, ஏன் என்று கேட்கத் தோன்றும் இடத்திலெல்லாம் எழுதுங்கள். என் பட்டியலில் வந்தவை: அவ்வளவு தூரம் போகும் மகளோடு ராணி ஏன் ஒரே ஒரு பணிப்பெண்ணை அனுப்பினாள்? பேசத் தெரிந்த குதிரை, பேச வேண்டிய நேரத்தில் ஏன் பேசவில்லை? இளவரசன் ஏன் எதையும் கவனிக்கவில்லை? பணிப்பெண் தண்ணீர் தர மறுத்தது அன்றைக்குத் தோன்றிய கோபமா, பல வருடக் கணக்கா? தண்டனை கேட்டபோது அவள் ஏன் அவ்வளவு கொடூரமான ஒன்றைச் சொன்னாள்? அதைக் கேட்டுக்கொண்டிருந்த இளவரசி என்ன செய்தாள்?

கடைசிக் கேள்விக்குக் கிரிமில் பதிலே இல்லை. தண்டனை நிறைவேறியது, கல்யாணம் நடந்தது, கதை முடிந்தது.

இப்போது இந்தக் கேள்விகளில் எது ஒரு நாவலைத் தாங்கும் என்று பார்க்க வேண்டும். குதிரை ஏன் பேசவில்லை என்பது சுவையான கேள்வி, ஆனால் ஓர் அத்தியாயத்தில் தீர்ந்துவிடும். பணிப்பெண்ணை நாயகியாக்கி, இளவரசியைக் கொடுமைக்காரி ஆக்கலாம் என்று பலருக்குத் தோன்றும். இந்த வில்லி நல்லவள் ஆகும் விளையாட்டு எனக்கு அலுத்துவிட்டது. நல்லவளும் கெட்டவளும் நாற்காலி மாறி உட்கார்ந்தார்கள் என்பதைத் தவிர அதில் எதுவும் நடப்பதில்லை. மூலக்கதையின் எளிமை அப்படியே இருக்கிறது, பக்கம் மட்டும் மாறுகிறது.

நான் தேர்ந்தெடுத்தது இது: தண்ணீர் கொண்டுவா என்று ஏவியே பழகிய பெண், ஏவப்படும் இடத்தில் பல மாதம் வாழ்ந்த பிறகு, தன்னைத் தள்ளியவளை ஆணிப் பீப்பாயில் போடும்போது பார்த்துக்கொண்டு நிற்பாளா? இதில் இரண்டு பெண்களும் இருக்கிறார்கள், தவறு இரண்டு பக்கமும் இருக்கிறது, முடிவு தெரியாது. எழுதும் எனக்கே பதில் உறுதியாகத் தெரியாத கேள்வி என்பதால்தான் இதை நம்புகிறேன். பதில் முன்பே தெரிந்திருந்தால் நாவல் பிரசங்கம் ஆகிவிடும். பதினாறு வயது வாசகர் பிரசங்கத்தை முதல் பக்கத்திலேயே மோப்பம் பிடித்துவிடுவார்.

உங்கள் கேள்வியை ஒரே வாக்கியமாக எழுதி மேசைக்கு எதிரே ஒட்டிவையுங்கள். எந்தக் காட்சியும் அதற்கு ஏதாவது செய்கிறதா என்று பார்க்க அது உதவும்.

ஐந்தாம் படி: வயதுக்கு ஏற்ற கதையாக்குதல்

நாயகிக்குப் பதினாறு வயது என்று எழுதிவிட்டால் மட்டும் அது இளையோர் நாவல் ஆகாது. முக்கியமான முடிவு அவள் கையில் இருக்க வேண்டும், அதற்கான விலையையும் அவளே கொடுக்க வேண்டும். தேவதைக் கதைகளில் பெரும்பாலும் பெரியவர் யாராவது வந்து சிக்கலை அவிழ்ப்பார். நம் கதையில் கிழட்டு ராஜாதான் எல்லாம் செய்கிறார். ஒளிந்து பார்ப்பதும், ஒட்டுக்கேட்பதும், தீர்ப்புச் சொல்வதும் அவரே. இளவரசி அடுப்புக்குள் நுழைந்து அழுகிறாள், அவ்வளவுதான்.

அந்த ஒரு காட்சியை மாற்றிப் பாருங்கள். குழாயின் மறுமுனையில் ராஜா காதைவைத்திருக்கிறார் என்று அவளுக்குத் தெரியும். சத்தியத்தை மீறாமல் உண்மையை வெளியே அனுப்ப இதுதான் ஒரே வழி என்பதும் தெரியும். சொன்னால் இன்னொருத்தி சாவாள் என்பதும் தெரியும். இப்போது அடுப்பு அவளுடைய ஆயுதம். வார்த்தைகளை அவள் தேர்ந்தெடுத்தே பேசுவாள், எதைச் சொல்வது, எதை விழுங்குவது என்று. மூலத்தின் முடிச்சு அப்படியே இருக்க, முடிவு அவள் கைக்கு வந்துவிட்டது.

வயதை ஒட்டி இன்னும் சிலவற்றைக் கறாராகப் பார்க்க வேண்டும். கிரிமில் ஸ்நோ வைட்டின் அழகைக் கண்ணாடி சொல்லும்போது அவளுக்கு வயது ஏழு. காதல் வைக்க வேண்டுமானால் வயதைக் கூட்டியே ஆக வேண்டும், காதலனின் வயதும் பக்கத்தில் இருக்க வேண்டும். தூங்குகிற பெண்ணை முத்தமிடுவதை அப்படியே காதலாகக் காட்டாதீர்கள். பாசிலேயின் தூங்கும் அழகிக் கதையில் நடப்பது வன்புணர்ச்சிதான். அதைத் தொட்டால் குற்றமாகவே எழுதுங்கள். இல்லையென்றால் வேறு கதையை எடுங்கள்.

வாத்து மேய்க்கும் பெண்ணில் இளவரசனை என்ன செய்வது? வந்தவள் யார் என்றே தெரியாமல் ஏற்றுக்கொண்டவன், பிறகு உண்மையானவளின் அழகைப் பார்த்து மனம் மகிழ்ந்தான் என்கிறது மூலம். இவனைக் காதலனாக்க நான் பாடுபடமாட்டேன். கான்ராட் எனக்கு அவனைவிட உயிருள்ள பாத்திரம். முடியைப் பிடுங்க வந்து, தொப்பியைத் துரத்தி ஓடி, கோபத்தில் புகார் சொன்னவன். அந்தப் புகார் இல்லாவிட்டால் உண்மை வெளியே வந்திருக்காது. அவள் மறுப்பை மதிக்கக் கற்றுக்கொள்ளும் பையனாக அவனை வளர்க்கலாம். காதல் வந்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நட்போடு நிற்கும் இளையோர் நாவல் அரிது, அதனாலேயே மதிப்பு அதிகம்.

கொடுமையைச் சர்க்கரை பூசி மறைக்காதீர்கள். குதிரையின் தலை தொங்கத்தான் வேண்டும். வெட்டும் காட்சியை விவரிப்பதைவிட, அடுத்த நாள் காலையில் அந்த வாசலைக் கடக்க வேண்டியவளின் கால்களை எழுதுங்கள்.

ஆறாம் படி: இடமும் மாயமும்

ஜெர்மானிய நிலத்திலேயே வைத்தால், அந்த வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள வேண்டும். வாத்துகளை இறைச்சிக்கும் கொழுப்புக்கும் மட்டும் வளர்க்கவில்லை. மெத்தைக்கு இறகும், எழுதும் பேனாவுக்குச் சிறகுத் தண்டும் அவற்றிடமிருந்துதான். அரண்மனையில் எழுதப்படும் திருமண ஒப்பந்தம் தான் மேய்த்த வாத்தின் இறகால் எழுதப்பட்டது என்பதை அந்தப் பெண் கவனித்தால், இரண்டு உலகமும் ஒரே வரியில் சந்தித்துவிடும்.

தமிழ்நாட்டுக்குக் கொண்டுவர ஆசை வரும். இங்கேயும் அறுவடை முடிந்த வயல்களில் வாத்துக்கூட்டத்தை ஊர் ஊராக ஓட்டிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்களே என்று தோன்றும். அது உண்மையான, வலுவான தொடர்பு. ஆனால் கொண்டுவந்தால் முழுதாகக் கொண்டுவாருங்கள். இங்கே ஏவலும் தண்ணீரும் வந்த உடனே சாதி வந்துவிடும். யார் கையால் யார் தண்ணீர் குடிப்பார்கள் என்பது இந்த மண்ணில் வெறும் எஜமானி, பணிப்பெண் விவகாரம் கிடையாது. அதை நேரே பார்த்து எழுதும் துணிவும் படிப்பும் இருந்தால் இந்தக் கதை இங்கே மூலத்தைவிடப் பெரிதாக வளரும். இல்லாமல் பெயரை மட்டும் மாற்றினால் பொய்யாகிவிடும்.

மாயத்துக்கு வருவோம். நம் கதையில் மூன்று இருக்கிறது: பேசும் ரத்தம், பேசும் குதிரைத் தலை, சொன்னபடி கேட்கும் காற்று. ஒவ்வொன்றாலும் எது முடியாது என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள். காற்று கேட்கும் என்றால், சத்தியம் வாங்கிய அன்று அவள் ஏன் அதைக் கூப்பிடவில்லை? வாசகர் இதைக் கேட்டே தீருவார். என் பதில்: அன்று அவளுக்குக் காற்றைக் கூப்பிடத் தெரியாது. புல்வெளியில் தனியாக உட்கார்ந்து, அவளை யாரும் கவனிக்காத நாட்களில்தான் கற்றுக்கொண்டாள். மாயம் பாத்திரத்தின் வளர்ச்சியோடு சேர்ந்துவிட்டால் விதிகளை விளக்கிப் பக்கம் நிரப்ப வேண்டியிருக்காது.

ஏழாம் படி: கதையை நீட்டுதல்

சில பக்கக் கதையை நாவலாக்க, நடுவில் புதுச் சண்டைகளையும் புது வில்லன்களையும் கொட்டாதீர்கள். மூலக்கதை ஒரே வாக்கியத்தில் தாண்டிப்போகும் காலத்தில்தான் நாவல் இருக்கிறது. “அவள் வாத்து மேய்க்கப் போனாள்” என்ற வரியில் பல மாதங்கள் அடங்கியிருக்கின்றன. எங்கே படுத்தாள், முதல் நாள் எத்தனை வாத்தைத் தொலைத்தாள், அவளை யார் ஏவினார்கள், எப்போது முதல்முறையாகப் பணிப்பெண்ணின் பெயர் என்ன என்று தான் ஒருநாளும் கேட்டதில்லை என்பது நினைவுக்கு வந்தது? அந்தப் பெயரை நாவலின் நடுவில், அவள் வேறொருவரிடமிருந்து தெரிந்துகொள்ளும் காட்சியில் வைப்பேன்.

முடிவு தெரிந்த வாசகரை எப்படிப் பிடித்துவைப்பது என்று பலர் கவலைப்படுகிறார்கள். பாதிக்குள் ஓர் இடத்தில், மூலக்கதையின்படி நடக்க வேண்டியதை நடக்கவிடாமல் செய்யுங்கள். அதன் பிறகு எல்லாமே மாறலாம் என்று வாசகருக்குத் தெரிந்துவிடும். உதாரணமாக, போலி மணமகள் ஒருநாள் யாரும் அறியாமல் வாசலுக்கு வந்து குதிரைத் தலையிடம் பேசுகிறாள். மூலத்தில் இல்லாத காட்சி, ஆனால் மூலத்தின் பொருளாலேயே செய்தது.

எட்டாம் படி: மொழி

“முன்னொரு காலத்தில்” தொனியை நாவல் முழுக்க இழுத்துக்கொண்டு போக முடியாது. பதின்வயதுப் பெண் தன் குரலில் சொல்லட்டும், தன்மையில் எழுதுவது இதற்கு வசதி. தமிழில் எழுதுபவருக்குக் கிடைக்கும் பெரிய வசதி ஒன்று உண்டு: அதிகாரம் கைமாறுவதை மரியாதை விகுதியிலேயே காட்டிவிடலாம். இப்படி:

“தண்ணீர்,” என்றேன். திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டினேன். குவளை அவளிடம்தான் இருந்தது.

“ஓடை அங்கேதான் இருக்கிறது. இறங்கிக் குடி.”

ஃபலாடாவின் காதுகள் நிமிர்ந்தன. நீட்டிய கையை எப்போது இறக்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

அவள் கோபப்பட்டாள், நான் அதிர்ந்தேன் என்றெல்லாம் எழுதத் தேவையே இல்லை. “குடி” என்பதே போதும்.

மூலத்தில் குதிரைத் தலையோடு நடக்கும் பேச்சு பாட்டு வடிவில் இருக்கிறது. தொங்குகிறாயே ஃபலாடா என்கிறாள் இவள். போகிறாயே இளவரசி, உன் தாய் அறிந்தால் நெஞ்சு வெடிக்குமே என்கிறது தலை. இத்தகைய பல்லவியை விட்டுவிடாதீர்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் பொருள் மாற வேண்டும். முதல் முறை அது ஆறுதல். நாவலின் நடுவில், ஒரே பணிப்பெண்ணோடு தன்னை அனுப்பிய தாயின் மேல் கோபம். கடைசியில், அதே வரியைப் பணிப்பெண்ணின் தாய்க்குப் பொருத்திப் பார்க்கும் அதிர்ச்சி.

ஒன்பதாம் படி: உரிமை

பெரோ, கிரிம், டென்மார்க்கின் ஆண்டர்சன் கதைகள் பொதுவுடைமை. யார் வேண்டுமானாலும் மறுபடி எழுதலாம். இந்தியாவில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் வரை காப்புரிமை உண்டு. கிரிம் சகோதரர்களில் மூத்தவரான யாக்கோப் இறந்தது 1863-இல். கவனிக்க வேண்டியது இரண்டு. அண்மைக் கால மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை இருக்கும், வாக்கியங்களை எடுக்கக் கூடாது. திரைப்படங்கள் சேர்த்த விஷயங்களும் உங்களுடையவை அல்ல. ஸ்நோ வைட்டின் ஏழு குள்ளர்களுக்குக் கிரிமில் பெயர் கிடையாது. நமக்குத் தெரிந்த பெயர்கள் 1937 டிஸ்னி படத்தில் வைத்தவை. சந்தேகம் வந்தால் மூலத்தைத் திறந்து, அந்த விஷயம் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பத்தாம் படி: படிக்கக் கொடுத்தல்

முதல் வடிவம் முடிந்ததும் கொஞ்ச நாள் அதைத் தொடாமல் வையுங்கள். அப்புறம் இரண்டு பேரிடம் கொடுங்கள்: மூலக்கதை தெரிந்த ஒருவர், அதைக் கேள்விப்பட்டே இராத பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளை ஒருவர். முன்னவரிடம், எந்த இடத்தில் மூலத்தை மறந்து படித்தீர்கள் என்று கேளுங்கள். அந்தப் பிள்ளையிடம் நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள், உங்கள் முகத்துக்காக ஆமாம் என்றுதான் சொல்லும். எந்தப் பக்கத்தில் கீழே வைத்தாய், பிறகு ஏன் எடுத்தாய் என்று கேளுங்கள். பீப்பாய்க் காட்சிக்கு முந்தைய அத்தியாயத்தில் நிறுத்தி, அந்த இளவரசி இப்போது என்ன செய்வாள் என்றும் கேட்டுப்பாருங்கள். தயங்காமல் உடனே பதில் வந்தால், இரண்டு பெண்களில் ஒருத்தியை நீங்கள் சரியாக எழுதவில்லை. யாரை என்று கண்டுபிடித்து, அவள் வரும் முதல் காட்சியிலிருந்து மறுபடி எழுதுங்கள்.